குழாயில் கேட்காத பாதி

இளையராஜா மேடையில் பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிற அத்தனை பேருக்கும், கோரஸ் வரிசையில் நிற்கிற அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

ராஜா பிறந்த பண்ணைப்புரத்திலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரைப் பார்த்ததும், ‘ஐயாவிடம் கொடுக்கச் சொல்லி யாரோ ஊர்க்காரர் நம்மிடம் கடுதாசி நீட்டுகிறார்’ என்று நினைத்துவிடாதீர்கள். இது உங்களுக்குத்தான். அவருக்கு எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. தவிர, எங்கள் ஊரில் அவரோடு பம்பரம் விட்டேன், கிணற்றில் குதித்தேன் என்று சொல்லிக்கொள்வோரின் கூட்டம் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகிறது. அதில் நான் இல்லை. அவர் மெட்ராஸுக்குக் கிளம்பிப் போனபோது நான் அரைஞாண் கயிற்றோடு திரிந்த பயல்.

நான் மைக் செட்காரன். கோம்பையிலிருந்து தேவாரம் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, மாரியம்மன் பொங்கல், கட்சிக் கூட்டம், எதுவானாலும் மரத்தில் குழாய் கட்டி, சீரியல் லைட் தொங்கவிட்டு, விடிய விடியப் பாட்டுப் போட்டவன். முதலில் ஒரு முதலாளியிடம் எடுபிடி, பிறகு சொந்த செட். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்து, தட்டு முடிந்து முள் உரசுகிற சத்தம் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து மாற்றிப் போடுகிற பிழைப்பு. சீர்காழியின் பிள்ளையார் பாட்டில் தொடங்கினால், அப்புறம் பொழுது விடிகிறவரை பெரும்பாலும் ராஜாதான். ‘அன்னக்கிளி’ 1976இல் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வேறு தட்டு வைத்திருந்த மைக் செட்காரன் நஷ்டப்பட்டிருப்பான்.

உங்களை எனக்கு எப்படித் தெரியும் என்றால், கையால் தெரியும். குழாயில் பாடுகிறவர் குரல் எடுப்பாக இருக்கும். அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் வயலின்கள் கூட்டமாக மேலே ஏறினால் அந்தத் தகரக் கூம்பு கத்தும். பந்தலில் இருக்கிற பெரிசுகள் திட்டுவார்கள். அதனால் வயலின் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே வால்யூமைக் கொஞ்சம் இறக்க வேண்டும். பாட்டுத் திரும்பியதும் ஏற்ற வேண்டும். ‘நிழல்கள்’, ‘ஜானி’, ‘அலைகள் ஓய்வதில்லை’ என்று எந்தத் தட்டைப் போட்டாலும், நீங்கள் எந்த இடத்தில் வருவீர்கள், எவ்வளவு நேரம் இருப்பீர்கள், எப்போது ஒதுங்கிப் பாடகருக்கு வழி விடுவீர்கள் என்பதெல்லாம் என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் பாடம். பாட்டின் வரிகளில் எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு. இடையிசையில் கிடையாது.

ஊரும் அப்படித்தான் இருந்தது. ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டு, கம்பம்மெட்டு இறங்கி வருகிற ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் பாடிக்கொண்டு வருவதைக் கேட்டிருக்கிறேன். பல்லவியை ஒருத்தி பாடுவாள். பல்லவி முடிந்ததும் இன்னொருத்தி வாயாலேயே வயலினை இழுப்பாள். மூலையில் இருப்பவள் புல்லாங்குழலை எடுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் சரணம். இடையிசையை விட்டுவிட்டுச் சரணத்துக்குத் தாவினால் பாட்டு நொண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

ஆனால் அந்த வயலினை இழுத்தவர் யார், அந்தக் குழலை ஊதியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. தட்டின் உறையில் படத்தின் பெயர் இருக்கும், பாடியவர், எழுதியவர், இசை. பிற்பாடு வந்த எக்கோ கேசட்டிலும் அதே கதை. 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தது. படப் பாட்டு இல்லை, வெறும் வாத்தியம். அதைப் போடச் சொல்லி எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பந்தல் பிரிக்கிற நேரத்தில் எனக்காக நானே போட்டுக்கொள்வேன். அதில் தனியாக அழுகிற வயலின் வி.எஸ்.நரசிம்மனுடையது என்று தெரிந்துகொண்டபோது, ஏதோ தூரத்துச் சொந்தக்காரரின் விலாசம் கிடைத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு பெயராகத் தேடிப் பிடித்தேன். ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்து நிலாப் பாட்டில் கிடார் ஆர்.சந்திரசேகர். டிரம்ஸ் வாசித்து, உங்களை எல்லாம் கட்டி மேய்த்தும் வந்த புருஷோத்தமன் அவருடைய உடன்பிறந்தவர். கீபோர்டு விஜி மேனுவல். கிடார் சதானந்தம். பேஸ் கிடார் சசிதரன். குழல் நெப்போலியன், ராஜா அவருக்கு அருண்மொழி என்று வேறு பெயர் வைத்து ‘சூரசம்ஹாரம்’ படத்தில் பாட வைத்தார். இந்தப் பெயர்களைச் சேர்க்க எனக்கு அரை ஆயுசு ஆனது.

இதில் சசிதரன் பெயரைச் சொல்லும்போதுதான் நான் எழுத வந்த விஷயமே வருகிறது.

குழாய் ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. அது செய்யப்பட்டதே பேச்சு தூரமாய்ப் போய்ச் சேரத்தான். பேஸ் கிடாரின் தடித்த கம்பியோ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பண்ணைப்புரத்தில், கோம்பையில், தேவாரத்தில், நான் குழாய் கட்டிய எந்தத் தெருவிலும் பேஸ் கிடாரே கிடையாது. ‘ப்ரியா’ 1978இல் ஸ்டீரியோவில் வந்தது. என் ஆம்ப்ளிஃபயர் இடமும் வலமுமாகப் பிரிந்து வந்ததை ஒன்றாகக் கூட்டிப் பிசைந்து ஒரே குழாய் வழியாக அனுப்பியது. பிற்பாடு தேனி, கம்பம் ஓடுகிற தனியார் பஸ்களில் பெரிய ஸ்பீக்கர் வைத்தார்கள். அங்கே பேஸ் இருந்திருக்கும். ஆனால் டீசல் இன்ஜின் அதே சுருதியில்தான் உறுமிக்கொண்டு இருந்தது. வீட்டு டேப் ரெக்கார்டரில் உள்ளங்கை அகலத்து ஸ்பீக்கர். ஆக, பாட்டின் மேல்பாதியை மட்டும் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். ராஜா பேஸ் கிடாரை எழுதிய விதம் என்ன என்று படித்தவர்கள் கட்டுரை எழுதும்போது, அவருடைய சொந்த ஊரில் அது வந்தே சேரவில்லை.

சென்னை தீவுத்திடலில் வந்து சேர்ந்தது. 2022 மார்ச் 18, ‘ராக் வித் ராஜா’. அப்போது எங்கள் பக்கம் ரயில் இல்லை. 2010 கடைசியில் மதுரை–போடி மீட்டர்கேஜை நிறுத்தினார்கள். அகலப் பாதையாகித் தேனிக்கு வண்டி திரும்ப வந்தது கச்சேரி நடந்த வருஷம் மே மாதம். ராத்திரி பஸ் ஏறித்தான் போனேன். டிக்கெட் விலைக்கு இரண்டு ஸ்பீக்கர் யூனிட் வாங்கிப் போட்டிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அது உண்மை. இருந்தாலும் கொரோனா வந்து எல்லாத் திருவிழாவையும் தின்றுவிட்டுப் போயிருந்த நேரம். எஸ்.பி.பி. போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. போயே தீருவது என்று போனேன்.

எனக்குக் கிடைத்த இடம் பின்னால். தொழில் புத்தி, உட்கார்ந்ததும் ஸ்பீக்கர் எங்கே தொங்குகிறது, ஒயர் எந்த வழியாக வருகிறது என்றுதான் கண் போனது. பக்கத்தில் ஐ.டி. கம்பெனிப் பையன்கள். முதல் பாட்டில் டிரம்ஸும் பேஸும் ஒன்றாக இறங்கியபோது நெஞ்செலும்பில் யாரோ உள்ளிருந்து தட்டினார்கள். எழுந்து நின்றுவிட்டேன். உணர்ச்சிவசப்பட்டு எழுந்ததாகப் பையன்கள் நினைத்துக் கைதட்டினார்கள். எனக்கு வேறு யோசனை. என் கட்டைவிரலுக்குப் பாடமான பாட்டு. எத்தனையோ ஆயிரம் தடவை நானே போட்ட பாட்டு. அதற்குக் கீழே இன்னொரு ஆள் நடந்துகொண்டிருக்கிறார், குரல் மேலே போனால் அவர் கீழே இறங்குகிறார், குரல் நின்றால் அவர் மட்டும் இரண்டு எட்டு எடுத்து வைக்கிறார். இவ்வளவு காலமும் இவர் எங்கே இருந்தார்? அங்கேயேதான் இருந்திருக்கிறார். என் குழாய்தான் அவரை உள்ளே விடவில்லை.

அன்றைக்கு பேஸ் வாசித்தது யார் என்று என் இடத்திலிருந்து முகம் தெரியவில்லை. திரையிலும் காட்டவில்லை. அதைப் பற்றிச் சொல்கிறேன், இருங்கள்.

ஸ்டேடியத்தில் என்ன இருக்கிறது, வீட்டில் நல்ல ஹெட்போன் மாட்டினால் இதைவிடத் துல்லியமாகக் கேட்கலாமே என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். கேட்கலாம்தான். ஆனால் ஹெட்போனில் உங்கள் வில் தெரியாது. ‘தளபதி’ பாட்டு, 2002இல் பிபிசி வாக்கெடுப்பில் உலகத்தின் பத்துப் பாட்டுகளில் நாலாவதாக வந்ததே, அதை மேடையில் கேட்கக் கொடுத்துவைத்த ஒரு ராத்திரி, இடையிசையில் அத்தனை வயலின் வில்லும் ஒரே நேரத்தில் மேலே போய் ஒரே நேரத்தில் கீழே வருவதைப் பார்த்தேன். ஒரு வில்கூட எதிர்த்திசையில் போகவில்லை. வில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக்கூடப் பேசி வைத்து வாசிக்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாடகர் நீளமாகப் பாடும்போது வயலினை மடியில் சாய்த்துக்கொண்டு, உதட்டை அசைத்து எண்ணுகிறீர்கள். கோரஸ் வரிசையில் ஓர் அக்கா சேலைத் தலைப்புக்குள் விரல் மடக்கி எண்ணினார். ஒரே ஒரு ‘ஆ’ பாடுவதற்காக அவ்வளவு நேரம் எண்ணி, சரியான இடத்தில் பாடி, மறுபடி விரலை மடக்க ஆரம்பித்தார். குழல்காரர் பையில் இருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு வேறு குழலை எடுக்கிறார். நோட்ஸ் காகிதம் காற்றில் பறக்காமல் இருக்கக் கொடியில் துணி மாட்டுகிற கிளிப்பைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இதெல்லாம் வேலையாகத் தெரிகிறது. கூலி வேலை செய்கிற ஊரில் பிறந்தவனுக்கு, ஒரு பாட்டில் எத்தனை பேருடைய வேலை இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும்போது வருகிற மரியாதை தனி.

எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களுக்கு நிறைய மைக் கட்டியிருக்கிறேன். அங்கே ஒரு கீபோர்டு மாஸ்டர்தான் வயலின், குழல், ஷெனாய், வீணை எல்லாம். இடது கையில் பேஸ். அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் காசுக்கு அதுவே பெரிய காரியம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு வேலையை ஒருவர் மட்டும் செய்கிற உங்கள் மேடை ஆச்சரியமாக இருந்தது.

உங்கள் மேடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பாட்டு நிற்கிற இடம். யாராவது தப்பாக எடுத்துவிட்டால் ராஜா கையைக் காட்டி நிறுத்திவிடுகிறார். ‘மறுபடி’ என்கிறார். ஆயிரக்கணக்கான பேர் காசு கொடுத்து உட்கார்ந்திருக்க, முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். வெளிநாட்டு ராக் கச்சேரிகளை வீடியோவில் பார்த்திருக்கிறேன். கிடார் கம்பி அறுந்தாலும் நிறுத்த மாட்டார்கள். கூட்டம் விடாது. எங்கள் கூட்டம் மட்டும் பாட்டு நின்றால் சிரித்துக் கைதட்டுகிறது. ரெக்கார்டில் இருக்கிறபடியேதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற ஆள் மேடையில் ஒருவர். கீழே ஆயிரம் ஆயிரம் பேர். சிலர் இதைக் குறை சொல்கிறார்கள்: எழுதிவைத்ததை வாசிப்பதற்கு எதற்கு மேடை, மேடை என்றால் புதிதாக ஏதாவது செய்ய வேண்டாமா என்று. செய்கிறவர்கள் செய்யட்டும். ஜீப்பில் வந்த அந்தப் பெண் வாயால் இழுத்த வயலினில் ஒரு சுரம் மாறியிருந்தால் மற்றவர்கள் விட்டிருக்க மாட்டார்கள். அதே சுரத்தை அதே இடத்தில் மனுஷக் கை வாசித்துக் காட்டுவதைப் பார்க்கத்தான் நான் ராத்திரி பஸ் ஏறுகிறேன்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பீட்டில்ஸ் 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு முன்னால் வாசித்தார்கள். கூச்சலில் அவர்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. அடுத்த வருஷத்தோடு ஊர் ஊராகப் போவதை விட்டுவிட்டு ரெக்கார்டிங் தியேட்டருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார்கள். ராஜா போன வழி தலைகீழ். அவர் ஆரம்பித்ததே மேடையில். அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடை. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல், கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாட்டு. எங்கள் முதலாளி அந்தக் காலத்தில் வரதராசனின் கட்சிக் கச்சேரிகளைக் கேட்டவர். ‘ஒரு ஆர்மோனியம், ஒரு மைக்கு, அம்புட்டுத்தேன், மலை முழுக்கக் கேக்கும்’ என்பார். அப்புறம் சினிமா, காலை ஏழு மணி கால்ஷீட். மேடை எப்போதாவதுதான். கடைசியில் கால் நூற்றாண்டு பெரிய மேடையே கிடையாது. 2005 அக்டோபர் 16, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் ‘அன்றும் இன்றும் என்றும்’. அவர் அறுபதைத் தாண்டிய பிறகு. அதற்கப்புறம் 2013இல் டொரன்டோ ரோஜர்ஸ் சென்டர், லண்டன் ஓ2 அரங்கம். பீட்டில்ஸ் விட்டு ஓடிய இடத்துக்கு அவர் தாத்தா ஆன பிறகு வந்து சேர்ந்தார். நீங்களும் கூடவே வர வேண்டியதாயிற்று. நாலு சுவருக்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்தவர்களை ஒரே நாளில் வெளிச்சத்தில் உட்கார வைத்தால் கூச்சமாகத்தான் இருந்திருக்கும். இப்போதும் உங்களில் சிலர் குனிந்த தலை நிமிராமல் வாசிப்பதைப் பார்க்கிறேன்.

குறைகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒன்று எங்கள் குறை. நாங்கள் கூடப் பாடுகிறோம். பல்லவி வந்தால் திடல் முழுக்கப் பாடுகிறது. அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் பல்லவி முடிந்ததும் செல்போனைத் தூக்கிப் பக்கத்தில் உள்ளவரோடு பேச ஆரம்பிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வரும். நீங்கள் எண்ணிக்கொண்டு காத்திருந்ததே அந்த இடத்துக்காக. வாய் விட்டே சொல்லியிருக்கிறேன், ‘தம்பி, இப்பத்தான் பாட்டு நடக்குது’ என்று.

இன்னொன்று சத்தம் வந்து சேருகிற நேரம். ஊரின் இரண்டு முனையில் குழாய் கட்டினால் நடுத்தெருக்காரனுக்கு எல்லா வார்த்தையும் இரண்டு தடவை கேட்கும்; சத்தம் நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதம். பின்வரிசைக்குத் தனியாகக் கோபுரம் வைத்து, அதற்குப் போகும் சத்தத்தை அளந்து தாமதப்படுத்த வேண்டும். நல்ல ஆட்கள் செய்கிறார்கள். நான் போன ஒரு கச்சேரியில், எங்கே என்று சொல்ல வேண்டாம், அதைச் சரியாகச் செய்யவில்லை. டிரம்ஸ் குச்சி விழுந்து, எழுந்து, அப்புறம் அடி கேட்டது. திரையில் பாடுகிற வாய் ஒன்று, காதில் வார்த்தை ஒன்று. உங்கள் காதில் மாட்டியிருக்கும் குட்டி ஸ்பீக்கரில் எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டிருக்கும். கடைசி வரிசையில் என்ன கேட்கிறது என்று ஒத்திகையின்போது உங்களில் ஒருவர் நடந்து வந்து பாருங்கள். நடந்தால் காலுக்கும் நல்லது.

மூன்றாவதுதான் முக்கியம். அந்தத் திரை. குழல் தனியாக வாசிக்கப்படுகிறது. உயிரைக் கொடுத்து ஒருவர் ஊதிக்கொண்டிருக்கிறார். திரையில் யார்? முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு நடிகர். அவர் தலையாட்டுகிறார். குழல் முடிந்து குரல் வந்ததும் கேமரா ஓடிப்போய்ப் பாடகரைப் பிடிக்கிறது. இது ஒரு கச்சேரியில் மட்டும் நடந்ததில்லை. பின்வரிசைக்காரனுக்குத் திரைதான் மேடை. திரையில் வராதவர் எங்களைப் பொறுத்தவரை கச்சேரிக்கு வரவில்லை. கிடார் வரும்போது கிடார்காரர் விரலைக் காட்டினால் என்ன? காட்டும்போது கீழே பெயரைப் போட்டால் என்ன? ஓட்டு எண்ணும்போது வார்டு வாரியாக வேட்பாளர் பெயர் ஓடுகிறதே, அந்த வசதி இருக்கிற தேசம்தானே இது.

2025 மார்ச் 8, லண்டனில் ராஜாவின் சிம்பொனியை வாசித்த கூட்டத்துக்கு ராயல் பில்ஹார்மானிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா என்று பெயர். யார் வந்தாலும் யார் போனாலும் பெயர் நிற்கிறது. எங்கள் கம்பம் பக்கத்து மெல்லிசைக் குழுவுக்குக்கூட டிரம்ஸ் தோலில் பெயர் எழுதியிருக்கும். ஏழாயிரம் பாட்டு என்கிறார்கள். அதை வாசித்த கூட்டத்துக்கு இன்றுவரை ஒரு பெயர் இல்லை. ராஜா சார் ஆர்க்கெஸ்ட்ரா என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்வீர்களாக இருக்கும். புருஷோத்தமன் இப்போது இல்லை. அவர் இடத்தில் உட்காரும் பையன் யார், எந்த ஊர், யாரிடம் கற்றுக்கொண்டான் என்று எங்களுக்குச் சொல்ல யாராவது வேண்டாமா? உங்களில் இளசுகள் நிறைய வந்துவிட்டதைப் பார்க்கிறேன். முப்பது வயதைத் தொடாத பெண் பிள்ளைகள் வயலின் வரிசையில். தாங்கள் பிறப்பதற்கு முன்னால் எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். அவர்கள் பெயரையும் தேடிப் பிடிக்க எனக்கு இன்னொரு அரை ஆயுசு மிச்சம் இல்லை. நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். வைத்து, டிரம்ஸ் தோலில் எழுதுங்கள்.

ராத்திரி பத்து மணி விஷயத்தில் மட்டும் எனக்கும் உங்களுக்கும் ஒரே நிலைமை. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. பத்து அடித்தால் நிறுத்த வேண்டும். எங்கள் தொழிலை அது பாதி முடித்தது. கூம்பு வடிவக் குழாய்க்குத் தடை வந்து மீதியை முடித்தது. இப்போது என்னிடம் இருப்பதெல்லாம் பெட்டி ஸ்பீக்கர். 2023 ஏப்ரலில் புனேயில் ரஹ்மான் பாடிக்கொண்டிருக்கும்போது போலீஸ்காரர் மேடை ஏறி நிறுத்தச் சொன்னதை டிவியில் பார்த்தபோது, இங்கே சிலர் கொதித்தார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. எத்தனை மாரியம்மன் பொங்கலில் அதே போலீஸ்காரர் என் ஒயரைப் பிடுங்கியிருக்கிறார். எங்கள் பக்கம் குழாய் எந்தத் தெருவைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்பதற்கே அடிதடி நடந்து, ஸ்டேஷன் வரை போன காலம் உண்டு. ஊர்த்தெருக்காரர்களும் காலனிக்காரர்களும் தனித்தனியாகத்தான் பொங்கல் வைத்தார்கள்; தனித்தனியாகத்தான் எனக்கு முன்பணம் கொடுத்தார்கள். போடச் சொன்ன பாட்டு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றே.

கடைசியாக ஒரு விண்ணப்பம். ராஜா இந்தப் பள்ளத்தாக்குக்கு வராமல் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் வருவது துக்கத்துக்கு என்று ஆகிவிட்டது. 2024 ஜனவரியில் அவர் மகள் பவதாரிணியின் உடலை இங்கேதான் கொண்டுவந்தார்கள். சாலை ஓரத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன். டொரன்டோவும் லண்டனும் பார்த்த கச்சேரியை உத்தமபாளையம் வட்டாரம் பார்க்க வேண்டாமா? அவரிடம் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. நீங்கள் பேச்சுவாக்கில் சொல்லலாம். ஏற்பாட்டாளர்கள் லாபம் வராது என்பார்கள், வராதுதான். சென்னை விலைக்கு இங்கே டிக்கெட் விற்க முடியாது.

ஒருவேளை ஒப்புக்கொண்டால், இங்குள்ள நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடி, ஆவணியில் வராதீர்கள். அப்போது இந்தப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றுக்குத்தான் தேனிப் பக்கம் காற்றாலை வைத்திருக்கிறார்கள். துணிக் கிளிப்பெல்லாம் தாங்காது, நோட்ஸ் ஆண்டிபட்டிக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை கடைசி, மாசி நல்லது. ராத்திரி பனி இறங்கும், வயலின் சுருதி கலையுமே என்று பார்த்தால் ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடலாம். கரண்ட்டை நம்ப வேண்டாம். ஜெனரேட்டர் இரண்டு, ஒன்று ஓட, ஒன்று தயாராக. ஒயரிங், எர்த் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கூலி வேண்டாம். பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர் மட்டும் நீங்கள் கொண்டு வந்துவிடுங்கள். மதுரைக்கு இந்தப் பக்கம் அந்த அளவில் கிடைக்காது. அப்புறம் நாள். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்கள். மறுநாள் வேலை இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மைக் செட்காரன்,
பண்ணைப்புரம்.